ஏழு படி வித்தியாசம்

நாங்கள் நாலு பேரும் கூட்டுறவுத் தணிக்கைத் துறை.
ஊர் ஊராகப் போய்
அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடியவர்கள்
சீட்டுப் பணத்தில்
பினாங்குக்கு வந்திருக்கிறோம்.

'பசியாறியாச்சா அக்கா?' என்று
விடுதிப் பெண் கேட்டதும்
'பசியே இன்னும் எடுக்கலையே' என்றாள் ஜெசிந்தா.
காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் பேச்சாம்.
மறுநாள் விடிந்ததும் விடியாததுமாய்
பசியாறப் போவோம், பசியாறப் போவோம் என்று
எங்களை எழுப்பியதும் அவள்தான்.

பணத்துக்குப் பெயர் வெள்ளி.
இருபதால் பெருக்கிப் பெருக்கி
முதல் நாள் ஒன்றுமே வாங்கவில்லை.
இரண்டாம் நாள் பெருக்குவதை விட்டோம்.
நஸ்ரின் மட்டும் தூக்கத்திலும் பெருக்கினாள்.
உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

பேருந்தில் ஓட்டுநர்
'தெரிமா காசே' என்று நன்றி சொல்ல
'காசி தெரியும், போனதில்லை' என்றாள் ஜெசிந்தா.
பின்னிருக்கையில் ஒரு சீனக்காரர்
தமிழ் தெரிந்தவர்போலச் சிரித்தார்.
தெரிந்திருக்கலாம்.

கடலில் கால் ஊன்றி நிற்கும் வீடுகள்.
பலகை இடுக்கில் தண்ணீர் மினுங்குகிறது.
ஒருத்தி தொலைக்காட்சியைப் பார்த்தபடி
கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.
அவள் வாசலில் நின்று
அவளையும் சேர்த்துப் படம் எடுத்தோம்.
எடுக்கக் கூடாது என்று கதவில்
மூன்று மொழியில் எழுதியிருந்தது.
தமிழில் இல்லையே என்று
பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

உமையாளின் பெரியப்பா வகையில் யாரோ
இங்கே வட்டிக்கு விட்டவர்கள்.
கிட்டங்கி இருந்ததாகச் சொன்ன இடத்தில்
கைப்பேசி உறை விற்கிறார்கள்.
பேரம் பேசி மூன்று வெள்ளி குறைத்து
ஒன்று வாங்கினாள்.
'அசலில் கொஞ்சம் திரும்பிருச்சு' என்றாள்.

மூன்றாம் நாள் தண்ணீர்மலை.
உச்சியில், மூச்சு வாங்க,
படி ஐந்நூற்றுப் பதிமூன்று என்றாள் உமையாள்.
ஐந்நூற்று ஆறு என்றாள்
முட்டியைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா.
கீழே மொத்த ஊரும் கிடந்தது,
கடல் கிடந்தது, அதன்மேல்
நூல் பிடித்ததுபோல் பாலம் கிடந்தது.
யாரும் பார்க்கவில்லை.
'ஒனக்கு எண்ணத் தெரிஞ்சிருந்தா
அந்தப் பால் சங்கத்துக்கு அன்னைக்குக்
கையெழுத்துப் போட்டிருப்பியா?'

பன்னிரண்டு வருஷத்துக் கோப்பு.
கடல் தாண்டி வந்து திறந்துகொண்டது.

அந்த ஏழு படியில்தான்
அடுத்த இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தோம்.

அவகிட்டச் சொல்லு, ஏசியைக் குறைக்கச் சொல்லு.
அவகிட்டச் சொல்லு, போர்த்திக்கச் சொல்லு.
மலாய்க்கும் சீனத்துக்கும் தப்பி வந்த நான்
தமிழிலிருந்து தமிழுக்கு
மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.
மழை வேறு.

நாசி கண்டார் கடையில்
கோழிக் குழம்பு, மீன் குழம்பு, நண்டுக் குழம்பு,
எல்லாவற்றையும் ஒரே சோற்றில் ஊற்றினான்.
வெள்ளம் என்று அதற்கு மலாயில் பெயராம்.
மேசையின் அந்த முனையில் ஒருத்தி,
இந்த முனையில் ஒருத்தி.
நடுவில் நஸ்ரின்
எலும்பைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
'ரெண்டு பேரும் சேர்ந்து
என் ஐயாயிரத்து நானூறு ரூபாயை
வீணாக்கிட்டீங்க.'

விமான நிலையத்தில்
உமையாளின் பெட்டி இரண்டு கிலோ கூடுதல்.
ஜாதிக்காய் மிட்டாய், ஜாதிக்காய்த் தைலம்,
ஊரில் யார் யாருக்கோ.
வரிசை பின்னால் நீள்கிறது.
பெட்டியைத் தரையில் விரித்து
உள்பாவாடையை மறைத்தபடி அவள் துழாவ
ஜெசிந்தா தன் பையைத் திறந்தாள்.
செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.
'தைலத்தை இப்படிக் குடு.
கவுத்துப்புடாத, என் வெள்ளைச் சேலை இருக்கு.'

என் வேலை போயிற்று.

கூடுதல் எடைக்கு எத்தனை வெள்ளி கேட்பார்கள் என்று
நஸ்ரின் விசாரித்து வந்து
இருபதால் பெருக்கி
மிச்சம் என்று குறித்துக்கொண்டாள்.

படிகளை நானும் எண்ணினேன்.
இருநூற்று எண்பதில் ஒரு குரங்கு
தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.
அதற்குமேல் என் கணக்கில்
குரங்குதான் இருக்கிறது.